பள்ளி இருந்தது, ஆசிரியை இல்லை

1822 ஜூன் மாதம் சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ எல்லா ஜில்லா கலெக்டர்களிடமும் ஒரு கணக்குக் கேட்டார். எத்தனை பள்ளிக்கூடம், எத்தனை பிள்ளைகள், எந்தெந்தச் சாதியார், ஆண் எத்தனை, பெண் எத்தனை என்பதே அந்தக் கணக்கு. பதில்கள் வந்துசேர மூன்றாண்டு பிடித்தது. 1826 மார்ச் 10-ஆம் தேதியிட்ட குறிப்பில் மன்றோ கூட்டுத்தொகையைத் தந்தார்: 12,498 பள்ளிகள், 1,88,650 பிள்ளைகள். அன்றிருந்த திண்ணைப் பள்ளிகளின் பரப்பு இந்த எண்ணிலிருந்து விளங்கும். அதே பட்டியலில் பெண்பிள்ளைகளுக்கான கட்டத்தில் இருக்கும் எண் 4,540.

நூறு பிள்ளைகள் படித்த இடத்தில் இரண்டு அல்லது மூன்று பேர்தான் பெண்கள். அவர்களிலும் பெரும்பாலோர் கோயில்களைச் சார்ந்த தாசி குலத்துச் சிறுமிகள் என்று பல கலெக்டர்கள் எழுதினார்கள். மலபார் இதற்கு விலக்கு. அங்கே முஸ்லிம் மாணவர் 3,196 பேருக்கு முஸ்லிம் மாணவியர் 1,122 பேர் இருந்தனர். வீட்டிலேயே தகப்பனிடமோ பாட்டனிடமோ எழுத்துக் கற்ற பெண்கள் இந்தக் கணக்கில் சரியாக வந்திருக்கமாட்டார்கள். அவர்களைச் சேர்த்தாலும் படத்தின் அடிப்படை மாறியிருக்காது. படிப்பது குலப்பெண்ணின் அடக்கத்துக்கு ஒவ்வாதது, ஆடும் மகளிருக்கே உரியது என்று குடும்பங்கள் கருதுவதாக மன்றோவே எழுதியிருக்கிறார்.

தாசி குலத்துப் பெண்ணுக்கு எழுத்து ஒரு தொழிற்கருவி. பதங்களைப் பாடம் செய்யவும் பொருள் அறிந்து அபிநயிக்கவும் மானியக் கணக்கைப் பார்த்துக்கொள்ளவும் அது வேண்டும். மற்ற வீடுகள் இதைத் தலைகீழாக எடுத்துக்கொண்டன. ஏடு பிடிக்கத் தெரிந்தவள் என்றாலே பேச்சு வேறு பக்கம் போயிற்று. எழுத்தறியாமை குடும்ப கௌரவத்தின் அடையாளமாக நின்றது. படித்த பெண் சீக்கிரம் தாலியறுப்பாள் என்ற நம்பிக்கையும் சேர்ந்துகொண்டது. முக்கால் நூற்றாண்டு கழித்து, 1901 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், மாகாணத்தின் ஆண்களில் 1,000 பேருக்கு 119 பேர் எழுத்தறிந்தவர்கள். பெண்களில் 1,000 பேருக்கு 9 பேர்.

இடைப்பட்ட காலத்தில் பள்ளிகள் இல்லாமல் போகவில்லை. தரங்கம்பாடியில் சீகன்பால்கு 1707-லேயே பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கியிருந்தார். பாக்கு நீரிணைக்கு அப்பால் யாழ்ப்பாணத்து உடுவிலில் அமெரிக்க மிஷனரிகள் 1824-இல் பெண்களுக்கு விடுதிப் பள்ளியே நிறுவினார்கள். 1854-இல் வந்த சார்லஸ் வுட்டின் கல்வி அறிக்கை, பெண் கல்விக்கு அரசு ஆதரவு உண்டு என்று வெளிப்படையாகச் சொன்னது. மாயூரத்தில் முன்சீபாக இருந்த வேதநாயகம் பிள்ளை 1870-ஐ ஒட்டிப் ‘பெண்மதி மாலை’யும் பெண் கல்வியைப் பற்றிய உரைநடை நூலும் எழுதி, அதோடு நில்லாமல் ஊரில் பெண்பள்ளியும் நடத்தினார். ஆனாலும் பள்ளிக்கு வந்த பெண் ஒன்பது, பத்து வயதில் நின்றுவிடுவாள். கல்யாணம் ஆகிவிடும், ஆகாவிட்டாலும் பெரியவளான பின் ஆண் வாத்தியார் முன்னால் உட்கார விடமாட்டார்கள். எனவே பெண் வாத்தியார் வேண்டும். அந்தப் பெண் வாத்தியார் எங்கிருந்து வருவார்? பத்து வயதில் நிறுத்தப்பட்ட அதே பெண்களுக்குள்ளிருந்துதான் வந்தாக வேண்டும்.

இந்த முடிச்சுதான் அடுத்த ஐம்பதாண்டு வரலாறு. பெண்ணைப் படிக்கவிடாததன் விளைவு அந்தப் பெண்ணோடு முடியவில்லை. அவள் மகளைப் படிக்கவிடாமல் இருப்பதற்குரிய காரணமாக அதுவே ஆயிற்று. 1866-இல் இந்தியா வந்த ஆங்கிலக் கல்வியாளர் மேரி கார்ப்பென்டர் இதை உடனே கண்டுகொண்டார். பள்ளிகளுக்கு முன்னால் ஆசிரியைப் பயிற்சிப் பள்ளி வேண்டும் என்று ஆட்சியாளர்களிடம் திரும்பத் திரும்ப வற்புறுத்தினார். சென்னையில் அத்தகைய பயிற்சிப் பள்ளி வந்தது. சேர்ந்தவர்கள் பெரும்பாலும் இந்தியக் கிறித்தவர்களும் ஆங்கிலோ-இந்தியர்களும். சாதி இந்து வீடுகள் அவர்களைத் தங்கள் பெண்களுக்கு ஆசிரியையாக ஏற்கத் தயங்கின. தங்கள் வீட்டுப் பெண்ணை அந்த வேலைக்கு அனுப்பவும் மறுத்தன.

திண்டிவனத்தில் ஓர் இரவு

ஆசிரியை இல்லாததால் பள்ளி காலியாகக் கிடந்தது. மருத்துவர் இல்லாததால் ஏற்பட்ட இழப்பு உயிரிழப்பு.

1890-களின் தொடக்கத்தில் திண்டிவனத்தில் ஜான் ஸ்கடர் என்ற அமெரிக்க மிஷன் மருத்துவர் இருந்தார். தாயைக் கவனித்துக்கொள்ள அமெரிக்காவிலிருந்து வந்திருந்த அவருடைய மகள் ஐடாவுக்கு அப்போது இருபது வயதளவு. இந்தியாவில் தங்கும் எண்ணமே அவருக்கு இல்லை. ஓரிரவு ஒரு பிராமணர் வந்து கதவைத் தட்டினார். இளம் மனைவி பிரசவ வேதனையில் கிடக்கிறாள், வந்து பாருங்கள் என்றார். நான் மருத்துவம் படித்தவளில்லை, அப்பாவை அழைத்துப் போங்கள் என்றார் ஐடா. அந்நிய ஆண் தன் மனைவியின் முகத்தைப் பார்ப்பதைவிட அவள் சாவதே மேல் என்று சொல்லிவிட்டு வந்தவர் திரும்பிப் போனார். சற்று நேரத்தில் ஒரு முஸ்லிம் வந்தார். அதே வேண்டுகோள், அதே மறுப்பு. மூன்றாவதாக இன்னொரு சாதி இந்து. விடிந்ததும் ஊருக்குள்ளிருந்து பறையொலி கேட்டது. விசாரித்துவர அனுப்பிய ஆள், மூன்று பெண்களும் இறந்துவிட்டதாகச் சொன்னான். ஐடா ஸ்கடர் பின்னாளில் பலமுறை எடுத்துச் சொன்ன நிகழ்ச்சி இது.

அந்தக் கணவர்களைக் கல்நெஞ்சர்கள் என்று சொல்லிக் கடந்துவிடுவது எளிது. நள்ளிரவில் மிஷன் பங்களாவின் கதவைத் தட்டியவர்கள் அவர்கள். மனைவி பிழைக்க வேண்டும் என்று நினைத்துத்தான் வந்தார்கள். ஊரில் இருந்தது பரம்பரை மருத்துவச்சி மட்டுமே. சிக்கலில்லாத பேறுகாலத்துக்கு அவள் கைப்பழக்கம் போதும். குழந்தை குறுக்கே கிடந்தால், உதிரப்போக்கு நிற்காவிட்டால், அவளுக்கு வழி தெரியாது. தெரிந்த ஆண் டாக்டர் வாசற்படி தாண்ட முடியாது. இரண்டுக்கும் நடுவே இருந்திருக்க வேண்டிய படித்த பெண்ணைச் சமூகம் உருவாக்கியிருக்கவில்லை.

சென்னை மருத்துவக் கல்லூரியின் கதவு அதற்குப் பதினைந்தாண்டுக்கு முன்பே பெண்களுக்குத் திறந்திருந்தது என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. பாரிஸ்டரின் மனைவியாகச் சென்னைக்கு வந்த மேரி ஷார்லீப், அந்நிய ஆண் கண்ணில் படாத கோஷா வழக்கமுள்ள வீடுகளில் பெண்கள் வைத்தியமின்றி மடிவதைக் கேள்விப்பட்டு, தாமே மருத்துவம் படிக்க முடிவு செய்தார். மருத்துவத் துறைத் தலைவர் எட்வர்ட் பால்ஃபர் துணைநிற்க, 1875-இல் அவர் உட்பட நான்கு பெண்கள் கல்லூரியில் சேர்ந்தனர். உலகின் பல மருத்துவக் கல்லூரிகள் பெண்களைச் சேர்க்காத காலம் அது. நால்வரில் ஒருவர்கூட இந்தியக் குடும்பத்துப் பெண் அல்லர். மருத்துவக் கல்லூரியில் சேர மெட்ரிகுலேஷன் வேண்டும். மெட்ரிகுலேஷனுக்குப் பெண்களுக்கான உயர்நிலைப் பள்ளி வேண்டும். பள்ளிக்கு ஆசிரியை வேண்டும். மறுபடியும் அதே முடிச்சு. ஷார்லீப் லண்டனில் மேற்படிப்பு முடித்துத் திரும்பி, 1885-இல் சாதிப் பெண்களுக்கும் கோஷாப் பெண்களுக்கும் எனத் தனி மருத்துவமனை உருவாகக் காரணமானார். திருவல்லிக்கேணியில் இன்று கஸ்தூர்பா காந்தி மருத்துவமனையாக இருப்பது அதுவே. ‘கோஷா ஆஸ்பத்திரி’ என்ற பழைய பெயர் சென்னைப் பேச்சில் இன்னும் போகவில்லை. ஐடா ஸ்கடர் அமெரிக்கா சென்று டாக்டராகத் திரும்பி 1900-இல் வேலூரில் சிறு மருத்துவ நிலையம் தொடங்கினார். 1918-இல் அங்கே பெண்களுக்கென்றே மருத்துவப் பள்ளி வந்தது.

கடிதமும் கைநாட்டும்

சாவு கணக்கில் வரும். அன்றாட இழப்புகள் எந்தக் கணக்கிலும் வருவதில்லை. அஞ்சலட்டை 1879-இல் காலணாவுக்கு வந்தது. ஏழை வீட்டுக்கும் எட்டுகிற விலை. ஆனால் புகுந்த வீட்டில் இருக்கும் பெண் தாய்வீட்டுக்கு ஒரு வரி எழுத வேண்டுமானால் கணவனிடமோ மைத்துனனிடமோதான் சொல்லி எழுத வேண்டும். யாரைப் பற்றிய குறையோ அவர் கையாலேயே அந்தக் குறை எழுதப்பட வேண்டும். ‘இங்கு யாவரும் க்ஷேமம்’ என்ற வரியைப் பழைய கடிதங்களில் படிக்கும்போது, அதை எழுதியது யார் என்று கேட்டுக்கொள்வது நல்லது.

கைநாட்டு இதைவிடக் கடினமானது. பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் பெருவிரலை மையில் தோய்த்து வைக்கிற பெண்ணுக்குச் சட்டம் எந்த உரிமை கொடுத்தாலும் அது வீட்டு ஆண்களின் நேர்மையை நம்பியே நின்றது. இந்து விதவைக்குக் கணவன் சொத்தில் பங்கு தந்த சட்டம் 1937-இல் வந்தது. அதைப் படித்துப் புரிந்துகொள்ளக்கூடிய விதவைகள் அன்று மிகச் சிலர்.

எழுத்துலகில் என்ன இழப்பு என்பதற்கு வை.மு. கோதைநாயகியின் வாழ்க்கை சான்று. 1901-இல் பிறந்தவருக்கு ஐந்தரை வயதில் கல்யாணம். பள்ளிக்கூடத்தை அவர் பார்த்ததில்லை. அக்கம்பக்கத்துக் குழந்தைகளுக்குத் தாமே கட்டிய கதைகளைச் சொல்வார். நாடகம் பார்க்கக் கணவர் பார்த்தசாரதி அழைத்துப் போவார். தாமும் ஒரு நாடகம் செய்யலாம் என்ற எண்ணம் வந்தபோது எழுதத் தெரியவில்லை. அவர் வாயால் சொல்லச் சொல்ல, தோழி பட்டம்மாள் தாளில் எழுதினார். ‘இந்திர மோகனா’ என்று 1924-இல் வெளிவந்த அந்த நாடகம் இரண்டு பெண்களின் வேலை: ஒருத்திக்குக் கற்பனை, இன்னொருத்திக்கு எழுத்து. அடுத்த ஆண்டே ‘ஜகன்மோகினி’ இதழைக் கோதைநாயகி ஏற்று நடத்தத் தொடங்கினார். வாழ்நாளில் 115 நாவல்கள் எழுதினார். கையருகே ஒரு பட்டம்மாள் வாய்க்காத கதைசொல்லிகள் எத்தனை பேர் திண்ணையோடு போனார்கள் என்பதற்கு இலக்கிய வரலாற்றில் பக்கம் இல்லை.

ஒதுக்கப்பட்டவர்கள் வழியாக

முடிச்சு அவிழ்ந்தது சமூகம் வேண்டாமென்று தள்ளிய பெண்களின் கையால். இந்த வரலாற்றின் வேடிக்கையும் வேதனையும் இதுதான்.

1911-இல் சென்னைப் பெண் பள்ளிகளின் ஆய்வாளராக இருந்தவர் கிறிஸ்டினா லிஞ்ச் என்ற அயர்லாந்துப் பெண்மணி. ஆசிரியைகளுக்கு எங்கே போவது என்பது அவருக்கும் தலைவலி. திருமணமான பெண் கணவன் வீட்டைவிட்டு வரமாட்டாள். உயர்சாதிக் குடும்பங்களில் வயது வந்த, மணமாகாத பெண்ணே கிடையாது. மிஞ்சியது ஒரே கூட்டம்: குழந்தை விதவைகள். தலை மழித்து, நார்மடி உடுத்தி, ஒருவேளை உண்டு, அடுக்களை இருட்டில் காலம் கழிக்க விதிக்கப்பட்டவர்கள். எதிரே வந்தால் சகுனத்தடை என்று ஒதுக்கப்பட்ட இவர்களுக்கு வேறு பொறுப்பு எதுவும் இல்லை.

அதே 1911-இல் மாகாணத்தின் முதல் இந்து விதவைப் பட்டதாரியாக பி.ஏ. முடித்தார் ஆர்.எஸ். சுப்புலட்சுமி. 1886-இல் பிறந்தவர், பதினோரு வயதில் மணமாகி, சிறிது காலத்திலேயே கணவனை இழந்தவர். சைதாப்பேட்டை விவசாயக் கல்லூரியில் பணிபுரிந்த தந்தை சுப்பிரமணிய ஐயர் மகளின் தலையை மழிக்க ஒப்பவில்லை; படிக்கவைத்தார். வீட்டிலேயே சித்தி வாலாம்பாளும் இளம் வயதில் விதவையானவர். சுற்றத்தாரின் ஏச்சுக்கு நடுவே மூவரும் ஒருவரையொருவர் தாங்கிக்கொண்டார்கள். லிஞ்சும் சுப்புலட்சுமியும் சந்தித்ததில் திட்டம் பிறந்தது. 1912-இல் எழும்பூர் வீட்டில் நான்கு பிராமண விதவைச் சிறுமிகளோடு விடுதி தொடங்கிற்று.

விடுதி வளர, இடம் போதவில்லை. அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்க 1842-இல் கடற்கரையில் கட்டப்பட்ட ஐஸ் ஹவுஸ், விவேகானந்தர் 1897-இல் தங்கிய கட்டடம், பிற்பாடு அரசின் கைக்கு வந்தது. விதவையர் விடுதி அங்கே குடியேறியது. வெயிலில் பனிக்கட்டி உருகாமல் காக்க எழுப்பிய கனத்த வட்டச் சுவர்களுக்குள் பதினான்கு, பதினைந்து வயது விதவைகள் அல்ஜீப்ராவும் ஆங்கில இலக்கணமும் படித்தார்கள். 1922-இல் லேடி வெலிங்டன் பயிற்சிக் கல்லூரி தொடங்கியபோது அதன் தலைமைப் பொறுப்பு சுப்புலட்சுமிக்குக் கிடைத்தது. இந்த விடுதியிலிருந்து வெளிவந்த பெண்கள் மாகாணத்துப் பெண் பள்ளிகளில் ஆசிரியைகளாகவும் தலைமையாசிரியைகளாகவும் பரவினார்கள். இதற்குள் 1914-இல் 37 மாணவியரோடு தொடங்கிய பெண்கள் கல்லூரி, பின்னர் ராணி மேரிக் கல்லூரி, மெரினாவில் நிலைபெற்றிருந்தது; மறு ஆண்டில் பெண்கள் கிறித்தவக் கல்லூரியும் வந்தது.

சுப்புலட்சுமி பிறந்த அதே 1886-இல் புதுக்கோட்டையில் பிறந்தவர் முத்துலட்சுமி. தந்தை நாராயணசாமி ஐயர் கல்லூரி ஆசிரியர்; தாய் சந்திரம்மாள் தாசி குலத்தைச் சேர்ந்தவர். ஆண்கள் மட்டுமே படித்த மகாராஜா கல்லூரியில் சேர அவர் விண்ணப்பித்தபோது மாணவர் ஒழுக்கம் கெடும் என்று எதிர்ப்புக் கிளம்பியது. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அனுமதி தந்தார். 1912-இல் சென்னையில் மருத்துவப் பட்டம் பெற்ற முத்துலட்சுமி ரெட்டி 1927-இல் சென்னைச் சட்ட மேலவையின் முதல் பெண் உறுப்பினராகி, அதன் துணைத் தலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். மன்றோவின் பட்டியலில் எந்தச் சிறுமிகள் படித்ததால் படிப்பே இழிவு என்று கருதப்பட்டதோ, அந்தக் குலத்துத் தாயின் மகள் அவர்.

இந்தச் சாதனைக் கதைகளை மட்டும் சொல்லி நிறுத்தினால் வரலாறு கோணலாகிவிடும். அரசு உதவி பெற்ற அந்த விதவையர் விடுதி தொடக்கத்தில் பிராமண விதவைகளுக்கே உரியதாக இருந்தது. அப்போதே அது கண்டனத்துக்கு உள்ளானது. பூப்புக்கு முன் மணம், தலை மழிப்பு என்பவை மாகாணத்துப் பெண்கள் அனைவரின் அனுபவமும் அல்ல. உழைக்கும் சாதிப் பெண்ணைப் பள்ளியிலிருந்து தடுத்தது சாஸ்திரம் அல்ல. வயல் வேலை, இடுப்பில் தம்பி தங்கை, அடுப்பு. தாழ்த்தப்பட்டோர் என்று ஒதுக்கப்பட்டவர்களின் பெண்களுக்குப் பள்ளிக்கூடத் தெருவுக்குள் நுழைவதே பெரும்பாடு. அவர்களைப் பற்றி ஆவணங்கள் குறைவாகவே பேசுகின்றன. எழுதுகிற நிலையில் அவர்களில் ஒருவரும் இல்லாததும் அதற்குக் காரணம்.

அரசும் இந்த வேற்றுமையை நிரப்ப அவசரப்படவில்லை. 1920-ஆம் ஆண்டின் தொடக்கக் கல்விச் சட்டம் உள்ளாட்சிகள் விரும்பினால் கட்டாயக் கல்வி கொண்டுவரலாம் என்றது. கொண்டுவந்த ஊர்களில் கட்டாயம் பெரும்பாலும் ஆண்பிள்ளைகளுக்கு மட்டும். 1928-29-இல் இந்தியக் கல்வி நிலையை ஆராய்ந்த ஹார்டாக் குழுவில் முத்துலட்சுமி ரெட்டியும் உறுப்பினர். முதல் வகுப்பில் சேரும் பிள்ளைகளில் பெரும்பாலோர் நான்காம் வகுப்பை எட்டுமுன் உதிர்ந்துவிடுகிறார்கள், பெண் கல்விக்கு முன்னுரிமை வேண்டும் என்று அக்குழு சொன்னது. 1929-இல் நிறைவேறிய சாரதா சட்டம் பெண்ணின் மண வயதை 14 ஆக்கியது. 1930 ஏப்ரல் 1 முதல்தான் நடைமுறை என்பதால் இடைப்பட்ட மாதங்களில் அவசரக் கல்யாணங்கள் குவிந்தன. 1931 கணக்கெடுப்பில் குழந்தை மனைவியர் எண்ணிக்கை குறைவதற்குப் பதில் ஏறியிருந்தது. பள்ளிக்கூடமும் கல்யாணமும் ஒரே பெண்ணின் ஒரே வயதுக்காகப் போட்டியிட்டன; சட்டம் வந்த பிறகும் நெடுநாள் கல்யாணமே முந்தியது.

விடுதலைக்குப் பின் 1951-இல் எடுத்த முதல் கணக்கெடுப்பில் இந்தியப் பெண்களில் எழுத்தறிந்தோர் 8.86 சதவீதம். 2011-இல் தமிழ்நாட்டுப் பெண்களில் அது 73 சதவீதத்தைத் தாண்டியிருந்தது.

தேவதாசி முறைக்கு எதிராகப் போராடி, அதையே நாவலாகவும் எழுதிய மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரின் பெயரில் 1989-இல் தமிழ்நாடு அரசு ஒரு திட்டம் தொடங்கியது. ஏழைப் பெண்ணின் திருமணத்துக்கு நிதியுதவி. பெண் குறிப்பிட்ட வகுப்புவரை படித்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. பின்னாளில் தாலிக்குத் தங்கமும் அதில் சேர்ந்தது. 2022-இல் அது உயர்கல்வித் திட்டமாக மாற்றப்பட்டது. அந்த ஆண்டு செப்டம்பர் 5 முதல், அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து படித்துக் கல்லூரியில் சேரும் பெண்ணின் வங்கிக் கணக்கில் மாதம் 1,000 ரூபாய் செலுத்தப்படுகிறது.